அரசியின் தயவா, கைத்திறனா? ஓவியர் விஜே லெ ப்ரன் பற்றி

"பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத்தை வரைந்த எலிசபெத் விஜே லெ ப்ரன் நிஜமாகவே பெரிய ஓவியரா, இல்லை அரசிக்குப் பிடித்தவர் என்பதால் பெயர் வாங்கினாரா? பெரியவர் என்றால் எங்கள் கலை வரலாற்றுப் பாடத்தில் ஏன் அவர் பெயரே வரவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, அவர் திறமையில் எவ்வளவு அவருடையது, புகழில் எவ்வளவு அடுத்தவர் கொடுத்தது என்பதைத்தான் என்று நினைக்கிறேன். நான் தைலவண்ணத்தில் போர்ட்ரெய்ட் வரைபவன், பல வருடம் மாணவர்களுக்குக் கற்றும் கொடுத்தவன். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து ஆராய்ந்த வரலாற்றாசிரியன் இல்லை. அவருடைய நினைவுக் குறிப்புகளை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். இந்த வரம்பை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், அரசி வருவதற்கு முன்னால் அவர் எங்கே இருந்தார் என்று பார்ப்போம். 1755-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா லூயி விஜே பேஸ்டலில் முகம் வரைபவர். மகளுக்கு 12 வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். அம்மா சிகையலங்காரம் செய்பவர். பிறகு ஒரு நகை வியாபாரியை மறுமணம் செய்துகொண்டார். பதினைந்து, பதினாறு வயதிலேயே இந்தப் பெண் முகம் வரைந்து சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார். சம்பாத்தியம் மாற்றாந்தந்தை கைக்குப் போனது. 1774-ல், உரிமம் இல்லாமல் தொழில் செய்கிறார் என்று அதிகாரிகள் வந்து அவருடைய ஓவியக்கூடத்துக்கு முத்திரை வைத்தார்கள். சட்டத்தின் கண்ணில் படுகிற அளவுக்கு வாடிக்கையாளர்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அதே வருடம் ஓவியர்களின் தொழிற்சங்கமான செயின்ட் லூக் அகாதமியில் சேர்ந்து உரிமம் பெற்றார். அப்போது வயது 19. அரசியின் முகத்தை முதன்முதலில் வரைந்தது 1778-ல். ஆகவே தொழிலில் கால் ஊன்றியது அரசியால் இல்லை. இது உறுதியாகச் சொல்லக்கூடியது.

1776-ல் ஷான் பத்தீஸ்த் பியேர் லெ ப்ரன் என்ற ஓவிய வியாபாரியை மணந்தார். இந்தத் திருமணத்தைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. மனைவியின் வருமானம் கணவனுக்கு என்பதே அன்றைய பிரெஞ்சு வழக்கம். இந்தக் கணவரும் அதை வாங்கிச் செலவழித்தார். மறுபக்கம், அவருடைய கிடங்கு வழியாகக் கைமாறிய பழைய பெரும் ஓவியர்களின் படங்களை இந்த அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார், பார்த்துப் படி எடுத்தார். ஓவியப் பள்ளியில் பெண்களுக்கு இடம் கிடைக்காத காலத்தில் அதைவிட நல்ல பள்ளி கிடைத்திருக்காது. 1781-ல் கணவரோடு ஃபிளாண்டர்ஸ் பக்கம் போனபோது ரூபன்ஸ் வரைந்த, தொப்பி அணிந்த பெண்ணின் படத்தைப் பார்த்தார். தொப்பியின் நிழல் முகத்தில் விழும்போது வானத்து வெளிச்சமும் நேர் வெயிலும் தனித்தனியாகத் தெரிகிற விதம் அவரை உலுக்கிவிட்டது. 1782-ல் வைக்கோல் தொப்பியோடு தன்னையே வரைந்தார். அதற்கு அவரே தன் கையால் எடுத்த பிரதி லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நெற்றியில் விழும் நிழலைப் பாருங்கள். அழுக்குப் பழுப்பு எங்கேயும் கிடையாது. நிழலுக்குள்ளும் ரத்த ஓட்டம் தெரிகிறது. மெல்லிய, ஊடுருவும் வண்ணப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால்தான் இது வரும். அவசரக் கைக்கு வராது. முகம் வரையக் கற்றவர்கள் எல்லோரும் நிழலில்தான் தோற்றுப்போவோம்.

அடுத்து, அரசியின் தயவு நிஜமாகவே வேலை செய்த இடம். அதை மறைக்க வேண்டியதில்லை. அரச ஓவிய அகாதமியில் பெண்களை மிக அரிதாகத்தான் சேர்த்தார்கள். உறுப்பினர் யாரும் வியாபாரம் செய்யக் கூடாது என்று விதி இருந்தது. கணவர் வியாபாரி என்பதைக் காட்டி இவரை வெளியிலேயே வைத்திருந்தார்கள். அரசி சொல்லி, அரசர் பதினாறாம் லூயி உத்தரவிட்டு, 1783 மே 31 அன்று உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அதே நாளில் அதெலாயித் லபீல் கியார் என்ற இன்னொரு பெண் ஓவியர் வழக்கமான வாக்கெடுப்பில் உறுப்பினரானார். ஒருவர் ஓட்டில் வந்தார், ஒருவர் உத்தரவில் வந்தார் என்பது பதிவிலேயே இருக்கிறது. பெண் உறுப்பினர்கள் நால்வருக்கு மேல் கூடாது என்ற வரம்பையும் அப்போதே உறுதிப்படுத்திவிட்டார்கள்.

தயவு என்று சொல்லும்போது அது எந்தச் சுவரைத் தாண்ட உதவியது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். ஆடையில்லாத ஆண் உடலைப் பார்த்து வரையும் வகுப்பில் பெண்கள் உட்காரக் கூடாது. அகாதமி மாணவர்களை ரோமுக்கு அனுப்பும் பரிசுப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாது. அந்தப் பயிற்சி இல்லாமல் புராண, வரலாற்றுக் காட்சிகளைப் பெரிதாக வரைய முடியாது. அகாதமியின் தரவரிசையில் அவைதான் உச்சி. முகம் வரைவது அதற்குக் கீழே. அன்றைய பெண் ஓவியர்களில் பெரும்பாலோர் ஏன் போர்ட்ரெய்ட் வரைந்தார்கள் என்பதற்கு இதுவே பெரிய காரணம். விஜே லெ ப்ரன் அகாதமிக்குள் நுழையும்போது சமர்ப்பித்தது முகச் சித்திரம் இல்லை. சமாதான தேவதை வளத்தைத் திரும்ப அழைத்து வரும் உருவகக் காட்சியைக் கொடுத்தார். இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு அது அவ்வளவாகப் பிடித்த படம் இல்லை, ஆனால் அதைக் கொடுத்த துணிச்சல் பிடிக்கும். "என்னை முகம் வரைபவள் என்று மட்டும் வகைப்படுத்தாதீர்கள்" என்று கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அரசியின் நெருக்கத்துக்கு விலையும் இருந்தது. 1783-ல் அகாதமி நடத்திய கண்காட்சியில் மரி அந்துவானெத்தை வெள்ளை மஸ்லின் உடையும் வைக்கோல் தொப்பியுமாக வரைந்து வைத்தார். "உள்ளாடையோடு அரசியைக் காட்டுகிறார்கள்" என்று பெரிய கூச்சல். லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் பிழைப்பு கெட, அரசி வெளிநாட்டு மஸ்லின் உடுத்துகிறாள் என்ற கோபமும் அதில் சேர்ந்துகொண்டது. படத்தை இறக்கிவிட்டு, அதே ரோஜாவைக் கையில் வைத்தபடி பட்டுடையில் நிற்கும் இன்னொரு படத்தை மாட்டினார்கள். 1787-ல் அரசியைக் குழந்தைகளோடு வரைந்த பெரிய படம், கெட்டுப்போன பெயரைச் சரிசெய்வதற்காகவே அரசு கேட்டு வாங்கியது. மூத்த இளவரசன் சுட்டிக்காட்டும் தொட்டில் காலியாக இருக்கிறது; அந்த வருடம் இறந்துபோன கைக்குழந்தை சோஃபியின் தொட்டில். கண்காட்சி திறந்த நாளில் மக்களின் கோபத்துக்குப் பயந்து படத்தை மாட்டவில்லை. காலிச் சட்டத்தைப் பார்த்து "இதோ பற்றாக்குறை!" என்று கிண்டல் செய்தார்கள். நாட்டின் கடனுக்கெல்லாம் அரசியே காரணம் என்று அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

அவதூறுகளுக்கும் குறைவில்லை. இவருடைய படங்களை வேறொரு ஆண் ஓவியர் திருத்திக் கொடுக்கிறார் என்றார்கள். லபீல் கியாரைப் பற்றியும் அதே பேச்சு. நிதியமைச்சர் கலோனின் முகத்தை வரைந்ததும் அவரோடு தொடர்பு என்றார்கள். இவற்றுக்கு நம்பகமான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. 1788-ல் நண்பர்களுக்குப் பழைய கிரேக்க உடை உடுத்தி ஒரு விருந்து வைத்தார். அதற்கு 15 ஃபிராங்க் ஆனது என்கிறார் அவர். ஊரில் 20,000 என்றார்களாம். ரோமுக்குப் போனால் 40,000, வியன்னாவில் 60,000, பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தபோது 80,000. இது அவர் சொன்ன கணக்கு என்பதை மறக்க வேண்டாம். அந்த நினைவுக் குறிப்புகள் அவருக்கு 80 வயதை ஒட்டி, 1835 முதல் 1837 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. தேதிகளில் பிசகு உண்டு, தனக்குச் சாதகமாக நினைவுகூர்வதும் உண்டு. பிரசவ வலி வந்துபோகிற இடைவெளியில் படம் வரைந்துகொண்டிருந்தேன் என்று எழுதுகிறார். அவருடைய உழைப்பைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு வேறு சாட்சி இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு என் முக்கியமான பதில். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789-ல், அக்டோபர் 6 அன்று, கூட்டம் அரச குடும்பத்தை வெர்சாய் அரண்மனையிலிருந்து பாரிஸுக்கு இழுத்து வந்த அந்த இரவிலேயே, ஒன்பது வயது மகள் ஷூலியையும் அவளைக் கவனித்துக்கொண்ட பெண்ணையும் கூட்டிக்கொண்டு பொதுவண்டியில் ஏறி இவர் நாட்டை விட்டுப் போனார். திரும்பி வந்தது 1802-ல். இடையில் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல். கணவர் கூட இல்லை, சொந்த நாட்டில் சட்டப்படி ஒரு உரிமையும் இல்லை. 1793-ல் அரசியும் கொல்லப்பட்டுவிட்டார். தயவால் மட்டும் நின்றவர் என்றால் இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? போலோன்யா, பார்மா, ரோம் அகாதமிகள் அவரை உறுப்பினராக்கிக்கொண்டன. பின்னால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும் பெர்லினும் ஜெனீவாவும். ஃபுளோரன்ஸின் உஃபிசியில் ஓவியர்களின் தன்னுருவப் படங்களுக்கென்றே ஒரு புகழ்பெற்ற தொகுப்பு உண்டு. 1790-ல் அதற்காகத் தன்னை வரைந்து கொடுத்தார். அந்தப் படத்தில் அவர் கேன்வாஸில் வரைந்துகொண்டிருப்பது மரி அந்துவானெத்தின் முகம்.

வெளியூர் போய் இறங்கியதும் எப்படி வேலை பிடித்தார் என்பது தொழில் செய்கிற எவருக்கும் பாடம். நேப்பிள்ஸில் எம்மா ஹார்ட்டை, பின்னால் லேடி ஹாமில்டன் என்று அறியப்பட்டவரை, மேலே நிமிர்ந்து பார்க்கும் தீர்க்கதரிசிப் பெண்ணாக வரைந்தார். அந்தப் படத்தைக் கையோடு ஊர் ஊராகக் கொண்டுபோனார். புது ஊரில் அதை வீட்டில் காட்சிக்கு வைப்பார். வந்து பார்த்தவர்கள் தங்கள் முகத்தையும் வரையச் சொல்வார்கள். ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நேப்பிள்ஸ் அரசி மரி அந்துவானெத்தின் சொந்த அக்கா. வியன்னாவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் பிரான்ஸிலிருந்து தப்பி வந்த பிரபுக்கள் இவரை ஏற்கெனவே அறிந்தவர்கள். அந்த வகையில் பழைய அரசவைத் தொடர்பு கதவைத் திறந்தது. ஆனால் திறந்த கதவுக்குள் உட்கார்ந்து, வியன்னாவில் ஏறக்குறைய மூன்று வருடம், ரஷ்யாவில் ஆறு வருடம், அடுத்த வாடிக்கையாளரும் அதற்கடுத்தவரும் தேடிவரும்படி வரைந்தது அவர் கைதான்.

எல்லோரும் மெச்சினார்கள் என்றும் இல்லை. ரஷ்யப் பேரரசி காத்தரீனின் பேத்திகள் இருவரை வரைந்தார். காத்தரீனுக்குப் படம் துளியும் பிடிக்கவில்லை. குழந்தைகளை நாய்க்குட்டிகள் மாதிரி ஆக்கிவிட்டாள் என்று கடிதத்தில் திட்டினார். வெற்றுக் கைகள் தெரிகின்றன என்ற புகாருக்குப் பின் ஓவியர் சட்டைக் கை சேர்த்துத் திருத்த வேண்டியிருந்தது. பிறகு லண்டனில் 1803 முதல் 1805 வரை இருந்தபோது, ஹாப்னர் என்ற ஆங்கில முக ஓவியர் அச்சிலேயே அவரைத் தாக்கி எழுதினார். பிரெஞ்சுக்காரி வந்து அதிக விலை வாங்குகிறாள் என்ற எரிச்சல் அதில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

பிரான்ஸில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஓடிப்போனவர்கள் பட்டியலில் இவர் பெயரைச் சேர்த்தார்கள். கணவர் 1793-ல் மனைவிக்கு ஆதரவாக ஒரு துண்டு நூலே எழுதினார்; பலிக்கவில்லை. சொத்தைக் காப்பாற்ற 1794-ல் விவாகரத்து வாங்கினார். 1799-ல் 255 ஓவியர்களும் கலைஞர்களும் எழுத்தாளர்களும் அந்தப் பெயரை நீக்கச் சொல்லி மனுவில் கையெழுத்திட்டார்கள். அடுத்த வருடம் நீக்கினார்கள். எனக்கு இந்த மனுதான் அவருக்குக் கிடைத்த அங்கீகாரங்களில் பெரியது. அரசியின் ஆள் என்ற பெயர் ஆபத்தாக இருந்த காலத்தில், அவரோடு போட்டிபோட்ட தொழில்காரர்களே "இவர் எங்களுக்கு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் பாடத்தில் ஏன் இல்லை? அவர் முழுக்க மறக்கப்படவில்லை, சுருக்கப்பட்டார் என்பது என் கருத்து. லூவ்ரில் அவரும் மகளும் கட்டிப்பிடித்திருக்கும் இரண்டு தன்னுருவப் படங்கள் உண்டு. அவை எண்ணற்ற பிரதிகளாக அச்சாகி, தாய்மையின் இனிய படம் என்ற அளவில் வீடுகளில் தொங்கின. வரைந்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. 1787 கண்காட்சியில் வைத்த முதல் படத்தில் உதடு திறந்து பல் தெரியச் சிரிக்கிறார். நல்ல ரசனை உள்ளவர்கள் ஏற்காத செயல் என்று அன்றைய விமர்சனம் கண்டித்தது. நமக்கு இன்று அந்த அதிர்ச்சி தெரிவதே இல்லை. 1949-ல் பெண்ணியச் சிந்தனையாளர் சிமோன் தெ பொவ்வார், தன் புன்னகைக்கும் தாய்மையையே திரும்பத் திரும்ப வரைந்தவர் என்று இவரைத் தன்மோகத்துக்கு எடுத்துக்காட்டாக்கினார். பெண்களுக்காகப் பேசியவரே இவரை ஏற்கவில்லை.

கலை வரலாற்றை எழுதியவர்களுக்குப் புரட்சியோடு நின்ற ஓவியர் தாவீத் வசதியான நாயகன். கடைசிவரை அரச ஆதரவாளராக இருந்த பெண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அமைப்புகளும் கைவிட்டன. பழைய அரச அகாதமியை 1793-ல் கலைத்தார்கள். அதன் இடத்தில் 1795-ல் வந்த புதிய நிறுவனம் பெண்களைச் சேர்க்கவே இல்லை. பாரிஸின் அரசுக் கலைப் பள்ளி பெண் மாணவர்களுக்குத் திறந்தது 1897-ல்தான். இவர் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு போக ஒரு மாணவர் வரிசை உருவாகவில்லை. படங்களில் பல பிரபுக்களின் வீடுகளுக்குள்ளேயே இருந்தன. அவர் படைப்புகளை மட்டும் வைத்து நடந்த முதல் பெரிய நவீனக் கண்காட்சி 1982-ல், அதுவும் அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில். சொந்த நாடு 2015 வரை காத்திருந்தது. பாரிஸ் கிராண்ட் பாலேயில் தொடங்கிய அந்தக் கண்காட்சி அடுத்த வருடம் நியூயார்க்குக்கும் ஒட்டாவாவுக்கும் போனது. லபீல் கியாரின் நிலை இன்னும் மோசம். நாட்டிலேயே தங்கிப் புரட்சியை ஆதரித்தார். அப்படியும் அவர் வருடக்கணக்கில் உழைத்த ஒரு பெரிய அரச குடும்பப் படத்தை 1793-ல் அழித்துவிட்டார்கள். தங்கியவருக்கும் நியாயம் கிடைக்கவில்லை.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். திப்பு சுல்தான் ஆங்கிலேயருக்கு எதிராக பிரெஞ்சு உதவி கேட்டு மூன்று தூதர்களை அனுப்பினார். 1787-ல் புதுச்சேரியில் கப்பல் ஏறி, 1788-ல் தூலோனில் இறங்கினார்கள். பாரிஸில் அவர்களைப் பார்த்த விஜே லெ ப்ரன் வரைந்தே தீருவேன் என்று நின்றார். அரசர் கேட்டுக்கொண்டால்தான் உட்காருவோம் என்றார்களாம். தூதர் முகமது தர்வேஷ் கான் வெள்ளை மஸ்லின் அங்கியில், வாள் பிடித்து நிற்கும் ஆளுயரப் படம் அப்படித்தான் பிறந்தது. படம் காய்வதற்குள் தூதர் அதைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டார், வேலையாள் மூலம் எடுத்துவர வேண்டியிருந்தது என்று எழுதுகிறார். இதுவும் அவர் வாய்மொழி மட்டுமே. 1789 கண்காட்சியில் வைத்த அந்தப் படம் 2019 ஜனவரியில் நியூயார்க் சாதபீஸ் ஏலத்தில் ஏறக்குறைய 72 லட்சம் டாலருக்குப் போனது. நவீன காலத்துக்கு முந்தைய பெண் ஓவியர் ஒருவரின் படத்துக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்திராத விலை. விலை தரத்துக்குச் சாட்சியாகாது. ஆனால் அந்த முகத்தில் வாடிக்கையாளரைக் குளிர்விக்கும் பூச்சு எதுவும் இல்லை என்பதைப் பாருங்கள்.

அந்தப் பூச்சுதான் அவருடைய நிஜமான பலவீனம். அவர் வரைந்த பெண்களில் நிறையப் பேருக்கு ஒரே கண், ஒரே ஈர உதடு. வரிசையாகப் பார்த்தால் அக்கா தங்கைகள் மாதிரி இருப்பார்கள். இளம் ஓவியர்களுக்கு அவர் எழுதிய ஆலோசனையிலேயே காரணம் கிடைக்கிறது: உட்காருபவர் வருவதற்கு அரைமணி முன்பே தயாராக இருந்து மனதை ஒருமுகப்படுத்துங்கள், பெண்களிடம் அழகாக இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், சோர்வு தெரியாமல் உட்காருவார்கள். முதல் பாதியை நான் என் மாணவர்களுக்கு அப்படியே சொல்வேன். இரண்டாம் பாதியும் பிழைப்புக்கு உதவும், ஆனால் அது தூரிகைக்குள்ளும் இறங்கிவிடுகிறது. தன் கணக்கில் 660-க்கு மேற்பட்ட முகங்களை வரைந்ததாகப் பட்டியல் கொடுத்திருக்கிறார். அத்தனையும் உயர்தரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதனால் அவரை அரசியின் படங்களில் இருந்து தொடங்கிப் பார்க்காதீர்கள். லூவ்ரின் தளத்தில் 1788-ல் வரைந்த ஊபேர் ரொபேரின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவரும் ஓவியர், இவருக்கு நண்பர். கலைந்த தலைமுடி, கையில் வண்ணத்தட்டு, நம்மைப் பார்க்காமல் பக்கவாட்டில் எதையோ பிடித்துக்கொண்ட பார்வை. கழுத்துத் துணியின் சுருக்கங்களை வேகமாகத் தட்டிவிட்டு, கன்னத்தில் மட்டும் நிதானித்திருக்கிறார். பிறகு வைக்கோல் தொப்பிப் படம், அப்புறம் தர்வேஷ் கான். இந்த மூன்றையும் பார்த்த பிறகும் அரசியின் தயவுதான் என்று தோன்றினால், எந்தப் படத்தில் எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று இங்கேயே எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு பேசலாம்.